ஈ.ஈ.ஜி. அறிக்கையில் ஒன்றுமில்லை என்றால்: பீதிக் கோளாறும் மூளை அலைகளும்

அக்காவின் ஈ.ஈ.ஜி. அறிக்கை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் வைத்திருக்கும் பொலித்தீன் பைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒரே ஒரு பக்கம்தான். கடைசி வரியில் 'நோர்மல்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல் பஸ் ஏறி, கினிகத்தேனையில் இறங்கி, எங்கள் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்வதற்குள் வேறு அர்த்தம் எடுத்துவிட்டது. "மூளையைப் படம் புடிச்சுப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்லையாம்" என்றார் மச்சான். இரண்டு நாளில் அது "சும்மா நடிக்கிறா" என்று ஆனது. அதற்குப் பிறகு அக்காவுக்கு மூச்சு முட்டியபோது பக்கத்துக் காம்பராவிலிருந்தும் யாரும் ஓடி வரவில்லை.

அவர் என் பெரியம்மாவின் மகள். வயது 34. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். முதல் தடவை அது வந்தது மலையில், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது. காரணம் ஏதும் இல்லை. சண்டை இல்லை, பாம்பு இல்லை, விழவும் இல்லை. "திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சிச்சு தம்பி. மூச்ச உள்ள இழுக்கிறேன், பத்தவே இல்ல. மேலெல்லாம் சில்லுன்னு போயி, விரலெல்லாம் எறும்பு ஊருற மாதிரி. அப்புறம் ரெண்டு கையும் கோணிக்கிச்சு. நான் செத்துக்கிட்டு இருக்கேன்னுதான் நெனச்சேன்." கூடையைக் கழற்றிவிட்டு நான்கு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். ரோட்டுக்கு வந்து சேரும்போது பாதி சரியாகிவிட்டது.

பெரியம்மா அதைப் பயந்த கோளாறு என்றார். விபூதி போட்டார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்குச் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். பக்கத்தில் நின்ற ஒருவர் உதவிக்கு வந்து மொழிபெயர்த்தார். நெஞ்சு அடைக்கிறது, செத்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது, விரல் மரத்துப்போகிறது என்று அக்கா சொன்னதெல்லாம் "பபுவ ரிதெனவா" என்று இரண்டு சொல்லாகச் சுருங்கியது. நெஞ்சு வலி. உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள், சரியாக இருந்தது. அடுத்த தடவை போனபோது "கை கோணிக்கிச்சு" என்ற பகுதி 'ஃபிட்' ஆனது. அதாவது வலிப்பு. அதற்குத்தான் ஈ.ஈ.ஜி. துண்டு. பயம் என்ற சொல் இரண்டு தடவையும் வைத்தியரிடம் போய்ச் சேரவில்லை.

அந்த வைத்தியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வலிப்பு என்று கேள்விப்பட்டால் ஈ.ஈ.ஜி. எழுதுவது சரியான காரியம். எனக்குப் பட்டது வேறு. அந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பீதிக் கோளாறை மூளை அலைகளை வைத்து ஆராய்ச்சியாளர்கள் பல தசாப்தங்களாகப் படிக்கிறார்கள், சுவாரசியமான சில விடயங்களைக் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். ஆனால் இன்றுவரை உலகில் எங்கேயும் ஒரு ஈ.ஈ.ஜி. தாளைப் பார்த்து 'இவருக்குப் பீதிக் கோளாறு இருக்கிறது' என்றோ 'இல்லை' என்றோ சொல்ல முடியாது. அக்காவின் தாளில் 'நோர்மல்' என்று வந்தது நோய் இல்லை என்பதற்கான சாட்சி அல்ல. ஏன் என்று விளங்க, முதலில் அந்த இயந்திரத்தைப் பார்க்க வேண்டும்.

ஈ.ஈ.ஜி. என்பது படம் பிடிப்பது அல்ல. எக்ஸ்ரே, ஸ்கேன் போல உள்ளே எதையும் அனுப்புவதில்லை, மின்சாரம் கொடுப்பதும் இல்லை. (எங்கள் லயத்தில் பாதிப் பேர் 'கரண்ட் வைப்பது' என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் சிகிச்சை முற்றிலும் வேறு.) தலையில் இருபது இருபத்தொரு இடங்களில் சிறிய மின்வாய்களைப் பசை வைத்து ஒட்டுவார்கள். எந்த இடத்தில் ஒட்டுவது என்பதற்கு 1958இல் ஹேர்பர்ட் ஜாஸ்பர் வகுத்த அளவு முறையையே இன்றும் உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். மூளையின் மேற்பரப்பில் இருக்கும் ஆயிரக்கணக்கான நரம்புக் கலங்கள் ஒரே தாளத்தில் வேலை செய்யும்போது உண்டாகும் மின்னழுத்தம், மண்டையோட்டையும் தோலையும் தாண்டி மிகமிக மங்கலாக வெளியே வருகிறது. அதைத்தான் அளக்கிறார்கள். அளவு பெரும்பாலும் 10 முதல் 100 மைக்றோவோல்ட். ஒரு டோர்ச் பற்றரியின் ஒன்றரை வோல்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இவ்வளவு மெல்லிய சமிக்ஞை என்பதால்தான் தலைமுடியில் எண்ணெய் இருக்கக்கூடாது என்கிறார்கள். முதல் நாள் ஷாம்பு போட்டுக் கழுவி, காயவைத்து, எண்ணெய் வைக்காமல் வரவேண்டும். அக்காவுக்கு இதையும் யாரும் விளங்கும்படி சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று தேங்காய் எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிக்கொண்டு போனார். திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் பேர் போனதும் பஸ் காசு போனதும்தான் மிச்சம்.

இந்தக் கருவி பிறந்த கதையிலேயே ஒரு பயம் இருக்கிறது. ஜேர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற இளைஞர் 1890களில் இராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்தார். பீரங்கி வண்டியின் சக்கரத்துக்கு முன்னால் விழுந்தவர் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி. தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று தூரத்தில் இருந்த அக்காவுக்குத் தோன்றியதாம். தன் பயம்தான் அவளை எட்டியது என்று பெர்கர் நம்பினார். மூளைக்குள் நடப்பது எப்படி வெளியே வரமுடியும் என்ற கேள்வி அவரை மருத்துவத்துக்கு இழுத்துவந்தது. யேனா நகரில் மனநல வைத்தியராக இருந்துகொண்டே 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929இல் வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மெத்யூஸும் செய்துபார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. ஒருவரின் பயம் இன்னொருவருக்குத் தந்திபோல் போகும் என்ற அவரது நம்பிக்கை மட்டும் நிரூபணமாகவில்லை.

பெர்கர் பெயர் வைத்த அல்ஃபா அலை, கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது தலையின் பின்பக்கத்தில் செக்கனுக்கு 8 முதல் 13 தடவை வரை எழுந்து விழும். கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். அதைவிட வேகமானது பீற்றா, மெதுவானவை தீற்றா, டெல்ற்றா. ஆழ்ந்த தூக்கத்தில் டெல்ற்றா மேலோங்கும். பயத்துக்கென்று தனி அலை ஏதும் கிடையாது.

பீதிக் கோளாறு என்பது தனி நோய் என்று வைத்திய உலகம் ஒப்புக்கொண்டே அதிக காலம் ஆகவில்லை. 1960களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் டொனால்ட் கிளைன் என்ற மனநல வைத்தியர், இமிப்ரமின் என்ற புதிய மருந்தைப் பதற்றம் மிகுந்த நோயாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில வாரம் கழித்துக் கேட்டால் நோயாளர்கள் பெரிதாக மாற்றம் இல்லை என்றார்கள். ஆனால் விடுதியிலிருந்த தாதியர் வேறு கதை சொன்னார்கள். 'சாகப்போகிறேன்' என்று நாளுக்குப் பல தடவை தாதியர் மேசைக்கு ஓடிவந்தவர்கள் இப்போது வருவதே இல்லை. பொதுவான கவலை அப்படியே இருக்க, திடீரென்று வரும் பீதி மட்டும் நின்றிருந்தது. இரண்டும் ஒன்றல்ல என்று கிளைன் கண்டுகொண்டது அப்படித்தான். 1980இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் நோய்க் கையேடு பீதிக் கோளாறைத் தனியாகச் சேர்த்துக்கொண்டது.

எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வரும் தாக்கங்கள். சில நிமிடங்களுக்குள் உச்சிக்குப் போகும். படபடப்பு, மூச்சு முட்டல், வியர்வை, நடுக்கம், நெஞ்சு வலி, தலைசுற்று, மரமரப்பு, செத்துவிடுவேன் அல்லது பைத்தியம் பிடித்துவிடும் என்ற பயம் என்று 13 அறிகுறிகளைக் கையேடு பட்டியலிடுகிறது. அவற்றில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும். அதோடு, அடுத்தது எப்போது வருமோ என்ற கவலையிலோ, அதற்குப் பயந்து நடமாட்டத்தை மாற்றிக்கொள்வதிலோ ஒரு மாதமாவது கழிய வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிதான் வாழ்க்கையைச் சுருக்குகிறது. அக்கா உச்சி மலைக்குப் போவதை நிறுத்தினார். ரோட்டோரத்து மலை என்றால் மட்டும் போவார். பிறகு தனியாகப் பீலிக்கரைக்குப் போவதையும் நிறுத்தினார். இதைத்தான் கங்காணி சோம்பேறித்தனம் என்றார்.

ஒரு தடவை பீதி வருவது அபூர்வமல்ல. உலக சுகாதார அமைப்போடு சேர்ந்து பல நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் ஒரு தடவையாவது பீதித் தாக்கம் வந்தவர்கள் ஏறக்குறைய 13 வீதம். அது கோளாறாக முற்றியவர்கள் 1.7 வீதம்தான். 2016இல் வெளியான கணக்கு இது.

இனி அந்தக் கோணிய கை. அக்காவை ஈ.ஈ.ஜி. அறை வரை கொண்டுபோனது அதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பயத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது உடலில் ஒட்சிசன் குறைவதில்லை. குறைவது காபனீரொட்சைட்டு. அது கழிவு வாயு என்றுதான் பாடசாலையில் படித்தோம். ஆனால் அது அளவுக்கு மேல் குறைந்தால் இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கிறது, கண் இருட்டுகிறது. இரத்தத்தில் நரம்புகளுக்குப் பயன்படும் கல்சியம் குறைவதால் விரலும் உதட்டோரமும் மரமரக்கின்றன, கடைசியில் கைவிரல்கள் கூம்பிக் கோணிக்கொள்கின்றன. தலைசுற்று வந்ததும் பயம் கூடுகிறது, பயம் கூடியதும் மூச்சு இன்னும் வேகமாகிறது. பார்ப்பவர்களுக்கு இது வலிப்பு. கோடாங்கிக்குப் பேய்.

இதிலொரு வேடிக்கை உண்டு. ஈ.ஈ.ஜி. எடுக்கும்போது நோயாளரை மூன்று நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சு வாங்கச் சொல்வார்கள். சில வகை வலிப்பை வெளியே கொண்டுவர இது வழக்கமான முறை. அந்த மூன்று நிமிடத்தில் ஆரோக்கியமானவர்களின் மூளை அலைகளும், முக்கியமாக இளவயதினரின் அலைகள், மெதுவாகிவிடும். அது இயல்பானது. பீதிக் கோளாறு உள்ளவருக்கோ அந்த மூன்று நிமிடம் தன் நோயைத் தானே வரவழைப்பது போல. அக்கா ஒரு நிமிடத்தோடு நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அங்கயும் அது வந்திருச்சு தம்பி. அந்தப் பிள்ளை பயந்து போச்சு" என்றார். 'அந்தப் பிள்ளை' என்றது இயந்திரத்தை இயக்கிய பெண்ணை. அலைகளை விட அந்த ஒரு நிமிடம் நோயைப் பற்றி அதிகம் சொல்லியிருக்கும். அறிக்கையில் அதற்கு இடமில்லை.

வலிப்பா பீதியா என்று பிரிப்பதுதான் இன்றைக்குச் சாதாரண ஆஸ்பத்திரியில் ஈ.ஈ.ஜி.க்கு இருக்கும் உண்மையான வேலை. மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் தொடங்கும் ஒரு வகை வலிப்பில், விழுவதும் வெட்டுவதும் இல்லாமல் வெறும் பயம் மட்டும் வரும். காரணமில்லாத திடீர்ப் பயம், வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போன்ற உணர்வு. இதைப் பீதி என்று நினைத்து வருடக்கணக்கில் தவறான வைத்தியம் செய்துகொண்டவர்கள் உண்டு. பிரித்தறிய அனுபவமுள்ள வைத்தியர்கள் முதலில் பார்ப்பது அலையை அல்ல, கதையை. வலிப்பு பெரும்பாலும் அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஒரே அச்சில் வரும். நடுவில் நினைவு தடுமாறும், வாயைச் சப்புவது, உடுப்பைத் தடவுவது போன்ற அசைவுகள் இருக்கலாம், முடிந்த பிறகு குழப்பம் இருக்கும். பீதி அதைவிட நீளும். நடந்தது எல்லாம், யார் தூக்கினார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பது வரை நினைவிருக்கும். அக்கா நான்கு பேரின் பெயரையும் சொன்னார்.

ஈ.ஈ.ஜி. இதில் துணைக்கு வரும், தீர்ப்பு சொல்லாது. வலிப்பு உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் பதிவில் எதுவும் தெரியாமல் போகிறது, ஏனென்றால் இருபது முப்பது நிமிடப் பதிவில் அந்தக் கணம் அகப்பட வேண்டும். மறுபக்கம், வலிப்பே வராத மிகச் சிலரிலும் வலிப்பு போன்ற கூர் அலைகள் தென்படும். தாளை மட்டும் நம்பி மருந்து தொடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வல்ப்ரோவேட் என்ற மருந்து கருவிலிருக்கும் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. கல்யாணமாகாத பிள்ளை என்றால் 'வலிப்புக்காரி' என்ற பெயர் லயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பீதிக் கோளாறு உள்ளவர்களின் ஈ.ஈ.ஜி.யை இந்தக் கோணத்தில் முறையாகப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஸ்டைனும் யூட்டும் 1989இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு, இவர்களிடம் ஈ.ஈ.ஜி. கோளாறு காணப்படுவது அரிது என்பதுதான். அதாவது 'நோர்மல்' என்பது இந்த நோயில் எதிர்பார்க்க வேண்டிய விடை. அக்காவின் அறிக்கையை வாசித்தபோது இந்த ஒரு வரி எனக்குத் தெரிந்திருந்தால் மச்சானிடம் வேறு மாதிரிப் பேசியிருப்பேன்.

பிறகு எதற்கு ஆராய்ச்சியாளர்கள் இந்த அலைகளை விடாமல் படிக்கிறார்கள்? ஸ்கேன் குழாய்க்குள் படுப்பதே பீதிக் கோளாறு உள்ளவர்களுக்குப் பெரும்பாடு. ஈ.ஈ.ஜி.யில் உட்கார்ந்துகொண்டே, சத்தமில்லாமல், செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை நேரத்தைத் துல்லியமாகப் பார்க்கலாம். செலவும் குறைவு. சிக்கல் என்னவென்றால் பீதி நேரம் சொல்லிவிட்டு வருவதில்லை. ஆகவே அதை ஆய்வுகூடத்தில் வரவழைத்தார்கள். 1967இல் பிட்ஸும் மக்ளூரும் சோடியம் லக்டேட்டை நாளத்தில் ஏற்றிப் பார்த்தபோது, பதற்ற நோயுள்ள 14 பேரில் 13 பேருக்குத் தாக்கம் வந்தது. பிறகு 35 வீதம் காபனீரொட்சைட்டு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்கச் செய்யும் முறை வந்தது. 1993இல் கிளைன் ஒரு கருத்தை முன்வைத்தார். மூச்சுத் திணறலைக் கண்டுபிடிக்க மூளைக்குள் ஓர் எச்சரிக்கை மணி இருக்கிறது, பீதிக் கோளாறில் அது பொய்யாக அடிக்கிறது என்றார். பயத்தின் இருப்பிடம் என்று பெயரெடுத்த அமிக்டலா என்ற பகுதி இருபக்கமும் அழிந்துபோன, அதனால் பயம் தெரியாமல் போன ஒரு பெண்மணி மருத்துவ நூல்களில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் அறியப்படுபவர். அவருக்கும் அதே போன்ற பாதிப்புள்ள இன்னும் இருவருக்கும் இந்தக் காற்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. மூவருக்கும் பீதி வந்தது.

இது ஈ.ஈ.ஜி.யின் எல்லையையும் காட்டுகிறது. அந்த மணி மூளையின் மேற்பரப்பில் இல்லை, அடியில் எங்கோ இருக்கிறது. தலையின் தோலில் ஒட்டிய மின்வாய்க்கு எட்டுவது மேற்பரப்பில் சில சதுர சென்ரிமீற்றர் அளவு இடம் ஒன்றாக இயங்கும்போது மட்டும்தான். போதாதற்கு, பயந்த மனிதர் பல்லைக் கடிக்கிறார், நெற்றியைச் சுருக்குகிறார். அந்தத் தசைகளின் மின்சாரம் மூளையின் மின்சாரத்தை விடப் பெரியது, பீற்றா அலை போலவே தோற்றம் காட்டும். பீதியை அளக்கிறோம் என்று தாடையை அளந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

அதிகம் பேசப்பட்ட கண்டுபிடிப்பு ஜேர்மனியிலிருந்து வந்தது. 1999இல் வீடமன் குழுவினர், பீதிக் கோளாறு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பயத்தோடு தொடர்புள்ள படங்களையும் சாதாரணப் படங்களையும் காட்டி மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். அல்ஃபா அலை குறைந்த இடம் கூடுதலாக வேலை செய்கிறது என்பது பொதுவான கணக்கு. நோயாளர்களில் நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கம் இடப்பக்கத்தை விடக் கூடுதலாக விழித்திருந்தது. சும்மா இருக்கும்போதும், பயப்படங்களைப் பார்க்கும்போதும் இந்த வித்தியாசம் தெரிந்தது, சாதாரணப் படங்களில் தெரியவில்லை. விலகி ஓடும் உணர்ச்சிகளோடு வலப்பக்கம் சம்பந்தப்பட்டது என்று ரிச்சர்ட் டேவிட்சன் முன்பே சொல்லிவந்த கருத்தோடு இது பொருந்தியது. ஆனால் இது குழுவுக்குக் குழு உள்ள வித்தியாசம். இருபது பேரின் சராசரி இருபது பேரின் சராசரியிலிருந்து வேறுபடுவது ஒன்று, ஒரு தனி மனிதரின் தாளைப் பார்த்துச் சொல்வது இன்னொன்று. இதே இட வல வித்தியாசத்தை மனச்சோர்வுக்கு அடையாளமாக வைக்கலாமா என்று பல ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் பார்த்தபோது, நோயறியும் கருவியாக அது பயன்படாது என்றே முடிவு வந்தது.

மருந்து இன்னொரு குழப்பம். பதற்றத்துக்குக் கொடுக்கும் டயஸெபாம் போன்ற மாத்திரைகள் தாமாகவே பீற்றா அலைகளைக் கூட்டும். மருந்து எடுப்பவர்களை ஆய்வில் சேர்த்தால் பார்ப்பது நோயையா மருந்தையா என்று தெரியாது. மருந்தை நிறுத்தச் சொல்லிச் சேர்ப்பதும் எளிதல்ல. இப்போது கணினிக்கு அலைகளைக் கொடுத்து அதுவே நோயைக் கண்டுபிடிக்கும்படி பழக்குகிறார்கள். சில ஆய்வுகள் தொண்ணூறு வீதத்துக்கு மேல் சரி என்று அறிவிக்கின்றன. சில டசின் பேரை வைத்துக் கிடைக்கும் அந்த வீதங்களை நான் தோட்டத்து நிறுவைத் தராசைப் பார்ப்பது போலத்தான் பார்க்கிறேன்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது தூக்கத்தில் செய்த ஆய்வுகள். பீதிக் கோளாறு உள்ள பலருக்கு நித்திரையிலிருந்தே தாக்கம் வரும். அக்காவுக்கும் அப்படி மூன்று தடவை வந்தது. வீட்டில் அதை அமுக்குவான் பேய் என்றார்கள். கெட்ட கனவு கண்டிருப்பாள் என்று படித்தவர்கள் சொன்னார்கள். 1989இல் மெல்மனும் யூட்டும் பீதிக் கோளாறு உள்ளவர்களை ஆய்வுகூடத்தில் தூங்கவைத்து இரவு முழுவதும் மூளை அலைகளைப் பதிவு செய்தபோது, தாக்கம் வந்தது கனவு காணும் கட்டத்தில் அல்ல. மேலோட்டமான தூக்கம் ஆழ்ந்த தூக்கமாக மாறும் இடைவேளையில், கனவுக்கு இடமே பெரிதாக இல்லாத நேரத்தில் வந்தது. அமுக்குவான் என்று நாம் சொல்வது, விழிப்பு வந்தும் கைகால் அசைக்க முடியாமல் கிடப்பது. அது கனவுத் தூக்கத்தோடு தொடர்புள்ளது, வேறு சங்கதி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். அலையில் பார்த்தால் வேறு வேறு. 'எதையாவது நினைத்துப் பயந்திருப்பாய்' என்று நோயாளரைக் குற்றம் சொல்லும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. நினைப்பதற்கு முன்னரே அந்த மணி அடித்துவிடுகிறது.

அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதெல்லாம் அல்ல. "அந்த மெசினுல நான் மனசுக்குள்ள நெனைக்கிறதெல்லாம் தெரியுமா தம்பி?" என்றுதான் கேட்டார். தெரியாது. தெரியும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இந்தியாவில் மூளை அலைகளை வைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்ற ஒரு முறையைப் பொலிஸ் பயன்படுத்தியது. 2008இல் புனேயில் ஒரு கொலை வழக்கில் அந்த அறிக்கையும் சாட்சியாக ஏற்கப்பட்டு ஓர் இளம்பெண் தண்டிக்கப்பட்டார், உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் கண்டித்தார்கள். செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் 2010 மே 5ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதமில்லாமல் இத்தகைய பரிசோதனைகளைச் செய்வது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அக்காவிடம் இதைச் சொன்னபோது பெரிய ஆறுதலாக இருந்தது போலத் தெரிந்தது. மூன்று மாதமாக அந்தப் பயத்தை உள்ளே வைத்திருந்திருக்கிறார்.

பீதிக் கோளாறைக் கண்டறிவது கேட்டுத்தான். எப்போது வந்தது, எவ்வளவு நேரம், என்ன நினைத்தீர்கள், அதற்குப் பிறகு எங்கே போவதை விட்டீர்கள். அதோடு இரத்தச்சோகை, தைரொய்ட், சீனி, இதயம் எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்க வேண்டும். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை அதிகம், அதுவும் படபடப்பைத் தரும். இந்தக் கேள்விகளுக்கு இயந்திரம் வேண்டாம், மொழி வேண்டும். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987இல். எறும்பு ஊருகிற மாதிரி, நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கிற மாதிரி என்பதைச் சொல்லவும் கேட்கவும் ஒரே மொழி இருந்திருந்தால், அக்காவுக்கு ஈ.ஈ.ஜி. அறைக்குப் போகும் தேவையே வந்திருக்காது என்று நினைக்கிறேன். கண்டி போன்ற நகரங்களுக்குப் போய்வரும் அலைச்சலோடு ஒப்பிட்டால், ஒரு தமிழ் பேசும் தாதி பெரிய செலவு அல்ல.

கடைசியில் அது நடந்தது. உளநல கிளினிக்கில் தமிழ் தெரிந்த ஒரு வைத்தியர் அரை மணி நேரம் கேட்டார். வேகமாக மூச்சு வாங்கிக் காட்டச் சொன்னார், விரல் மரமரத்ததும் நிறுத்தச் சொன்னார். "இதுதானே மலையில வந்தது?" என்று கேட்டார். அக்கா அழுதுவிட்டார். இதற்குப் பின்னால் ஒரு வைத்திய முறை இருக்கிறது. உடலில் வரும் சாதாரண மாற்றத்தை மரணம் என்று தப்பாக வாசிப்பதே பீதியைப் பெருக்குகிறது என்று 1986இல் டேவிட் கிளார்க் விளக்கினார். அந்த வாசிப்பைத் திருத்தப் பழக்குவதுதான் சிகிச்சை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் உதவும், பலன் தெரியச் சில வாரம் ஆகும், தானாக நிறுத்தக்கூடாது. டயஸெபாம் வகை உடனே அடக்கும், ஆனால் பழக்கமாகிவிடும்.

தேத்தண்ணியைக் குறைக்கச் சொன்னார் வைத்தியர். தேயிலைத் தோட்டத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஐந்து கோப்பை கோப்பிக்குச் சமமான கஃபீனைக் கொடுத்தால் பீதிக் கோளாறு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தாக்கம் வருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அக்கா நாளுக்கு எட்டுத் தடவை சாயம் கூடிய பிளேன்டீ குடிப்பவர். இப்போது மூன்று.

இப்படி யாராவது வீட்டில் இருந்தால், அடுத்த தடவை வரும்போது பக்கத்தில் உள்ளவர் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். வலிப்பா இல்லையா என்று வைத்தியர் தீர்மானிக்க ஈ.ஈ.ஜி.யை விட அந்த வீடியோ சில வேளை அதிகம் உதவும். முதல் தடவை வரும் நெஞ்சு வலியை மட்டும் பீதி என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம், 1990க்கு அழையுங்கள். உளநல ஆலோசனைக்கு தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. ஈ.ஈ.ஜி. எழுதிக் கொடுத்தால் போய் எடுங்கள், முதல் நாள் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். அறிக்கையைக் கையில் தரும்போது 'நோர்மல் என்றால் எனக்கு எது இல்லை என்று அர்த்தம்?' என்று கேளுங்கள். மச்சானையும் கூட அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.